காசுமாலையில் பாரசீக நெருப்பு

ஜெர்மனியில், பான் நகரத்து மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் இளங்கீரன் பதினேழு வருடமாகப் படுக்கைவிரிப்பு மடித்து வந்தார். அந்தக் காலத்தில் தனக்கென்று அவர் சேர்த்தது ஆறு வெள்ளிக்காசுகள் மட்டுமே. பழைய பாரசீகத்துச் சாசானிய அரசர்கள் அடித்தவை. ஒரு பக்கம் அரசனின் தலை. ஒருவனுடைய மணிமுடியில் சிறகு, இன்னொருவனுடையதில் பிறை. மறுபக்கம் மேடையில் எரியும் நெருப்பு, இருபுறமும் காவலுக்கு இரண்டு ஆட்கள். அரசன் மாறினால் முடி மாறும், நெருப்பு மாறாது. இதை அவர் நூலகத்துப் புத்தகத்தை அகராதியோடு வாசித்துத் தெரிந்துகொண்டார். அரசர்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. தன் முகத்துக்குப் பின்னால் நெருப்பைப் பொறித்தவன் அதைக் கும்பிட்டானா, தன் அரசுக்காக வேலைக்கு வைத்தானா என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

மனைவி கமலநாயகியின் தமையன் தம்பித்துரை, தன் மகள் தேனுஜாவின் கலியாணத்துக்கு நகை செய்விக்க மாதிரி பார்க்கவென்று காசுகளைக் கேட்டார். கமலநாயகி எடுத்துக் கொடுத்தாள். இரண்டு கிழமையில் திரும்பி வரும் என்றாள்.

டுசல்டோர்ஃப் கலியாண மண்டபத்தில், மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட மணவறைக்கு ஏறியபோதுதான் இளங்கீரன் கண்டார். தேனுஜாவின் காசுமாலையில், லட்சுமிக் காசுகளுக்கு நடுவே, அவருடைய ஆறும் தொங்கின. மேலே வளையம் ஒட்டி, தங்கமுலாம் பூசியிருந்தது. அரிசி கையிலேயே நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்க, எப்படியோ தூவிவிட்டு இறங்கினார்.

தம்பித்துரை கீழே சிரித்தபடி நின்றார்.

"என்ன மச்சான், வடிவாய் இருக்கே? லட்சுமியும் ரெண்டு யானையும். எங்கடை காசு மாதிரியே."

"அது யானை இல்லை, ஆக்கள். நடுவிலை நெருப்பு."

"அப்ப இன்னும் நல்லது. அக்கினி சாட்சி."

தம்பித்துரை பொய் சொல்லியிருந்தால் இளங்கீரன் மறுக்கலாம். எதைக் கொடுத்தாலும் தனக்கு வசதியாக மடித்துக்கொள்ளும் மனிதனிடம் மறுக்க என்ன இருக்கிறது? சற்று நேரத்தில் ஒலிவாங்கியில் ஒருவர், மணமகள் அணிந்திருப்பது யாழ்ப்பாணத்து அரசர் காலத்துப் பரம்பரைக் காசுகள் என்று அறிவித்தார். சனம் கைதட்டியது. தம்பித்துரை கைகூப்பி அதை ஏற்றுக்கொண்டார்.

தேனுஜா சேலை மாற்றப் போனதும் தம்பித்துரை மாலையைப் பெட்டியில் கொண்டுவந்து நீட்டினார். கோபமென்றால் நாளைக்கே வளையத்தைக் கழற்றி, முலாமையும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். இளங்கீரன் ஒரு காசைப் புரட்டினார். முலாம் பிடிக்கவென்று தட்டான் நன்றாகத் தேய்த்திருந்தான். முடியைச் சுற்றியிருந்த எழுத்து போய்விட்டது. அரசனுக்கு மூக்கும் இல்லை. நெருப்பு இருந்த இடம் விரலுக்கு வழுவழுத்தது.

"நீங்களே வைச்சிருங்கோ," என்றார்.

"பிறகு கேக்கக்கூடாது."

"கேக்கமாட்டன்."

பெட்டி மூடுகிற சத்தத்தில் தம்பித்துரைக்கு வந்த நிம்மதியை அவர் கவனித்தார். அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. கழுவும் தொட்டியில் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார்.

சாப்பிடாமல் போனால் தமையனோடு பகை என்று ஊர் பேசும், தன் முகத்துக்காகவாவது இருங்கள் என்று கமலநாயகி காதோடு கெஞ்சினாள். காசுகளைக் கொடுத்தவள் அவள்தான். பதினேழு வருடத்தில் அந்த நெருப்பு என்னவென்று அவளுக்கு ஒருநாளும் சொல்லாதவர் அவர்தான். இளங்கீரன் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் வைத்ததையெல்லாம், பாயாசம் உட்பட, வேலை முடிப்பவரைப் போலத் தின்று முடித்தார்.