மிளகாய்ப் பாத்தியும் மூங்கில் வேரும்

எங்கள் வேலிக்கு அப்பால், துறைமுகத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் முன்பு இருந்த பங்களா ஆளில்லாமல் கிடந்தது. அழகுக்கென்று அவர் நட்ட மெல்லிய மூங்கில் மட்டும் செழித்தது. அது ஒரே புதராக நிற்கிற மூங்கில் அல்ல. மண்ணுக்கடியில் வேர் ஓடி, கண்ட இடத்தில் முளைக்கும்.

இறக்குமதி நின்று, கடையில் காய்ந்த செத்தல் மிளகாய் கிடைக்காத எழுபதுகளின் தொடக்கம் அது. என் மனைவி வேலியோரம் மிளகாய்க் கன்று வைத்திருந்தாள். ஆறு பேர் சாப்பிடும் வீட்டுக்கு அந்தப் பாத்தியை விட்டால் உறைப்புக்கு வேறு வழியில்லை.

கந்தசட்டி விரதத்தின் மூன்றாம் நாள் காலை, பாத்தியிலிருந்து கூப்பிட்டாள். கன்றுகளுக்கு நடுவில் நான்கு மூங்கில் முளைகள்.

"இதைக் கிண்டி எடுக்கிறீங்களோ, இல்லாட்டி மூங்கிலை இடிச்சுக் கறிக்குப் போடட்டோ?"

"விரதம் முடிச்சுப் பாறணைச் சோறு சாப்பிட்டாப் பிறகு பாப்பமப்பா. ஒரு கோப்பை பாலோட இருக்கிறனான், மண்வெட்டி பிடிக்க ஏலாது."

எதிர்வீட்டுக்காரர் கிண்ணியாவில் வயல் செய்யும் முஸ்லிம். எங்கள் வாசல் படலையில் சைக்கிளோடு நின்றவர் இதைக் கேட்டுவிட்டார்.

"என்ன அண்ணன், நாங்க தண்ணியும் குடிக்காம நோன்போட வயல் வெட்டுற. உங்கட முருகன் வேலோட நிக்கிறார், உங்களுக்கு மண்வெட்டி பாரமா?"

மனைவி சிரித்துவிட்டாள். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

முளையை வெட்டிப் பயனில்லை, வேலியோரம் ஆழமாய்க் கான் தோண்டி, வேர் தாண்டாமல் தகரம் இறக்க வேண்டும் என்று சொன்ன அவரே, தட்டி விரித்த தார்ப்பீப்பாத் தகரங்களைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து தந்தார். நான் வெட்டினேன். திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணை எரித்தது. முருகனைக் கூப்பிடாமல் ஒரு வெட்டும் விழவில்லை.

தகரம் இறக்கியும் பயம் போகவில்லை. உள்ளே வந்த வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? பாத்தி முழுக்க என்றால் எல்லாக் கன்றையும் பிடுங்க வேண்டும். ஆறாம் நாள் கையால் மண்ணை விலக்கி விலக்கி ஒவ்வொரு வேராகத் தொடர்ந்து போனேன். ஏழு கன்றுகள் போயின. கடைசி வேர் பாத்தியின் பாதியிலேயே முடிந்தது. அதன் வெள்ளை நுனி முறியாமல் கையில் வந்தபோது ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"தலை சுத்துதோ?" என்று ஓடிவந்தாள்.

"இல்லையப்பா. முடிஞ்சுது."

அன்று பின்னேரம் நகத்தில் மண்ணோடுதான் கோயிலுக்குச் சூரன்போர் பார்க்கப் போனேன். முருகன் குறை நினைத்திருக்க மாட்டான். மார்கழி மழை முழுதும் மூங்கில் தகரத்துக்கு அந்தப் பக்கமே முளைத்துத் தள்ளியது. எங்கள் பக்கம் மிளகாய் பூத்திருந்தது.