இன்னார் மகள் பாடுகிறேன்

ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு ஒரு பஜ்ஜிக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற இளம்பெண் தன் குழந்தையின் நெற்றியில் கோடாலித் தைலம் தடவினாள். சாரல், எண்ணெய்ப் புகை, பிழியாத துண்டு என்று அங்கே இருந்த எல்லா வாசனைகளையும் விலக்கிக்கொண்டு அந்தத் தைலம் என் மூக்கில் ஏறியது. தடவி முடித்ததும் அவள் கைப்பேசியைக் காதருகே பிடித்தாள். துபாயிலிருந்து கணவர் அனுப்பிய குரல் செய்தி. ரயிலைப் பிடிக்க ஓடுபவரைப் போல அவர் படபடவென்று பேசியது எனக்கும் கேட்டது. நான் கவனிப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அவிய மெதுவாத்தான் பேசுவாவக்கா. நான்தான் ஸ்பீடக் கூட்டி வெச்சிருக்கேன். இல்லாட்டி பஜ்ஜி ஆறிரும்."

நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தைல வாசனையும் தொலைவிலிருந்து வந்த ஆண் குரலும் சேர்ந்து என்னைத் தென்காசியில் எங்கள் நெசவாளர் தெருவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டன.

பள்ளிகளிலும் பெண்கள் குழுக்களிலும் பாட்டும் கதையும் சொல்வது என் வேலை. பெரிய புகழ் ஒன்றுமில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்த ஒரு நாளில் கதை சொல்லப் போனேன். பாதிக் கூட்டம் பூவோடு படம் எடுக்கப் போய்விட்டது. மீதிக் கூட்டம் போனவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட கூட்டத்தில்கூட, முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து, "யாருகிட்டங்க கத்துக்கிட்டிய?" என்று கேட்பது வழக்கம். டேப் ரெக்கார்டரிடம் என்றுதான் சொல்வேன். கேலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேலியில்லை. சவூதியில் வேலை பார்த்த அத்தா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், முதல் விடுமுறையில் கொண்டுவந்த அந்தப் பெட்டியின் மீது, வரும் வழியில் ஒரு தைலக் குப்பி உடைந்து கொட்டிவிட்டது. அது உயிரோடு இருந்த காலம் முழுவதும் சூடேறினால் தைல வாசனை வீசும். தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் அங்கே இருந்தார்கள். தறி சோறு போடாததால் போனவர்கள். தொலைபேசி எட்டாத பொருளாக இருந்த அந்த நாட்களில், விடுமுறை முடிந்து விமானம் ஏறும் ஒருவரிடம் தெருவே பேசி நிரப்பிய கேசட்டுகளைக் கொடுத்தனுப்பும். பதிவு செய்ய வாரத்தில் ஒரு நேரம்தான் வாய்க்கும். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போவார்கள், தறிகள் ஓய்ந்துவிடும். அந்த அமைதியில் பெண்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டு உள்ளறைக்கு வருவார்கள்.

வந்தவர்கள் பேசினார்களா என்றால், அதுதான் இல்லை. தெருக்குழாயடியில் ஊரையே வாயடைக்கச் செய்யும் பெண்கள், சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு ஊமையாகிவிடுவார்கள். நாடா சுற்றும் சத்தம் மட்டும் பதிவாகும். "ஏட்டி, காலேஜுக்குப் போற புள்ளதான, நீயே ரெண்டு வார்த்தை சொல்லிரு" என்பார்கள். நான் அப்போது குற்றாலத்தில் பட்டப்படிப்பின் முதலாண்டில் இருந்தேன். படித்தவள் என்பதை நிரூபிக்கும் ஆவலில், வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலை வரவழைத்துக்கொண்டு, "தங்கள் இல்லத்தில் அனைவரும் நலம்" என்று தொடங்குவேன். வந்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தக் குரல் உடைந்ததற்குக் காரணம் குற்றாலம்தான். சாரல் காலத்தில் சவூதியிலிருந்து வரும் ஒவ்வொரு கேசட்டிலும் "சீசன் தொடங்கிட்டா? அருவில தண்ணி விழுதா?" என்ற கேள்வி இருக்கும். மணல் நாட்டில் இருப்பவர்களுக்கு அருவியின் சத்தத்தையே அனுப்பிவிடுவது என்று முடிவுசெய்து, பெட்டியைப் பாலிதீன் பையில் சுற்றி, அம்மாவோடு விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போய்ப் பதிவு செய்து வந்தேன். அத்தாவின் பதில் வந்தது: "என்னம்மா, ஊர்ல எல்லாரும் முறுக்கு சுடுதியளா? எண்ணெய் கொதிக்கிற சத்தமால்லா கேக்கு!" பின்னணியில் அவர் தங்கியிருந்த அறை முழுவதும் சிரித்தது.

அவமானமாக இருந்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, சத்தத்தை விட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். தண்ணீர் முதலில் உச்சந்தலையில் அறைவதை, கண்ணைத் திறக்க முடியாமல் முன்னால் நிற்பவளின் தோளைப் பிடித்துக்கொள்வதை, கரையேறிய பிறகும் காதுக்குள் அருவி விழுந்துகொண்டே இருப்பதை. செய்தி வாசிக்கும் குரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை. எங்கேயோ நடுவில் கழன்று விழுந்துவிட்டது. இம்முறை அங்கிருந்து முறுக்குப் பேச்சு வரவில்லை. "நனஞ்சிட்டோம்மா" என்று மட்டும் அத்தா சொல்லியிருந்தார்.

பாட்டு வந்தது ஜைத்தூன் அக்காவால். அடுத்த வீட்டுக்காரி. அவள் கணவர் என் அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். பிறந்த மகளை இன்னும் பார்த்திருக்கவில்லை. அக்கா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாளே தவிர ஒரு சொல்லும் பேசவில்லை. நாடா வீணாகிறதே என்ற பதற்றத்தில் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, தறிக்குழி, நூல் சுற்றும் தார்க்குச்சி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தாலாட்டு மெட்டில் போட்டேன்:

தறிக்குழிய எட்டிப் பாத்து
தார்க்குச்சியக் கடிக்குதா;
தவந்துவந்து கதவோரம்
தாழ்ப்பாளப் பிடிக்குதா.
'அத்தா'ன்னு சொல்லத்தான்
அவ வாயும் படிஞ்சாச்சு;
ஆளத்தான் காட்டச் சொல்லி
அழுதழுது விடிஞ்சாச்சு.

"இதத்தாம்லா நான் சொல்ல வந்தேன்!" என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. ஒரு சொல்கூடச் சொல்லாதவள் அவள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குக் கூட்டம் கூடியது. கூடவே எனக்கு ஒரு கவலையும் கூடியது. ஓடு சரிந்து வீடு ஒழுகுகிறது என்று ஒருத்தி சொல்லச் சொன்னால், சொல்லலாமா? கடலுக்கு அப்பால் இருப்பவரால் ஓட்டை அடைக்க முடியாது; இரவெல்லாம் விழித்திருக்கத்தான் முடியும். சொல்லாமல் விட்டாலோ, அது அவரை வீட்டிலிருந்து மெல்ல வெளியேற்றுவதாகும். கடைசியில் ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். துன்பத்தைச் சொல்வது, அதற்கு வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் உடனே சேர்த்துச் சொல்வது. இன்றும் பள்ளிகளில் கதை சொல்லும்போது இந்த ஒழுங்கை மீறுவதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் அத்தாவின் கேசட் ஒன்று வந்தது. வழக்கம்போல அக்கம்பக்கத்துப் பெண்களும் கேட்டுக்கொண்டிருக்கையில் அம்மா அதைப் போட்டாள்.

"ஏ புள்ள, ஒம் பாட்ட எவனோ காப்பி போட்டு வேற கேம்புக்குக் கொண்டு போயிட்டான். ஒருத்தன் எங்கிட்டயே வந்து, 'ஒங்க ஊருப் புள்ளயாம்லா, யாரு அண்ணாச்சி அது, கல்யாணம் ஆயிட்டா?'ங்கான். எம் மவதான்னு என்னால சொல்ல முடியல. இனி வேண்டாம்மா. அவங்கவங்க வீட்டுச் சேதிய அவங்கவங்களே பேசிக்கிடட்டும்."

அம்மா பெட்டியை நிறுத்தினாள். அடுப்பில் இருந்த கருவாடு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அறையில் ஒரு அசைவு ஏற்பட்டது. ஜைத்தூன் அக்கா மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி, "அப்பம் எம் புருசன்கிட்ட நான் இனி என்னத்தப் பேச?" என்று கேட்டாள்.

அத்தா கொடுமைக்காரர் அல்லர். அவர் பயந்தது எனக்காகத்தான். அந்தப் பயம் இன்னும் ஒரு படி கூடியிருந்தால், பாட்டோடு கல்லூரியும் நின்றிருக்கும். கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் இல்லை. ஆனால் 'எம் மவதான்னு என்னால சொல்ல முடியல' என்ற வாக்கியத்தைத் தாண்டி என் எண்ணம் நகர மறுத்தது. பாட்டு நிற்கலாம், அந்த வாக்கியம் நிற்கக்கூடாது என்று தோன்றியது. பாட்டு நின்றால் அந்த வாக்கியம் நிலைத்துவிடும் என்றும் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை யாருக்காகவும் அல்லாமல் எனக்காகப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஊமையாகிப் போனேன்.

அந்தப் பெட்டியின் முன் ஊமையான அத்தனை பெண்களின் மௌனமும் வட்டியோடு என்னிடம் வந்து சேர்ந்தது. பின்னோக்கி ஓட்டினேன். மறுபடியும் பேசினால் செய்தி வாசிப்பவர் வந்தார். மீண்டும் ஓட்டினேன். இந்தத் தடவை ஜைத்தூன் அக்காவின் அழுகை வந்தது. அது அவளுக்குத்தான் பொருத்தம். எல்லோருடைய வீட்டையும் அவர்களுடைய குரலில் சொல்லப் பழகிய எனக்கு, என் வீட்டைச் சொல்ல என்னிடம் ஒரு குரலும் இல்லை. பள்ளிவாசலில் தொழுகை முடியும் நேரம் நெருங்கியது. முடிந்துவிட்டால் தறிகள் தொடங்கிவிடும்.

வேறு வழியில்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அத்தா, ஒங்க கேசட்டு வந்தன்னிக்கு அம்மா கருவாடு பொரிச்சிக்கிட்டு இருந்தா. நீங்க பேசி முடிக்கவும் கருவாடு கரியாயிட்டு. ஒருத்தரும் எந்திரிச்சு அடுப்ப அணைக்கல." பிறகு சொன்னேன்: "வெளிய போன பாட்ட இனி திருப்பி வாங்க முடியாது. பேரில்லாம சுத்துற கொரலுக்குத்தான் ஆளாளுக்கு ஒரு மொகத்த மாட்டிப் பாப்பாங்க. அதனால இனி பாடுறதுக்கு முந்தி எம் பேரச் சொல்லுவேன், இன்னாரு மவன்னு ஒங்க பேரையும் சொல்லுவேன். நிறுத்திருதேன்னு மட்டும் என்னால சொல்ல முடியல அத்தா." கடைசியில் என் பெயரையும் அவர் பெயரையும் சொல்லி, கரிந்த கருவாட்டிலிருந்து தொடங்கும் ஒரு பாட்டைப் பாடினேன். வேறு யாருடைய வீடும் அதில் இல்லை.

கதவோரம் நின்றிருந்த அம்மா கேட்டாள்: "ஏட்டி, எதுத்துப் பேசுதியா, கத சொல்லுதியா?"

"ரெண்டுந்தாம்மா."

"அவிய என்ன சொல்லப் போறாவளோ" என்று முணுமுணுத்தபடி, கேசட்டை அவளேதான் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள்.

பதில் வர நாளாயிற்று. அதுவரை கல்லூரிப் பேருந்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் இது கடைசி முறையோ என்ற நினைப்போடுதான் ஏறினேன். ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறையில் வந்த ஒருவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, தறிகள் ஓய்ந்ததும் போட்டோம். முதலில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்; தட்டுகளின் சத்தம்; ஆண்களின் பேச்சு. பிறகு அத்தா, எங்களிடம் அல்லாமல் அறையைப் பார்த்து:

"ஏலே, சத்தம் போடாதிங்க. எம் மவ பாடுதா."

பேச்சு அடங்கியது. தொலைவில் ஒரு பெண் குரல் தொடங்கியது. அது நான்தான் என்று பிடிபட எனக்கே சற்று நேரமாயிற்று. அங்கே என் கேசட்டை ஒரு பெட்டியில் ஓடவிட்டு, அந்த அறை அதைக் கேட்பதை இன்னொரு பெட்டியில் பதிவு செய்து அனுப்பியிருந்தார் அத்தா. கருவாடு வந்ததும் ஒருவர் சிரித்தார். 'இன்னாரு மவ' என்ற இடத்தில் யாரோ கனைத்தார். பாட்டின்போது இருமல்கூட இல்லை. என் குரல் அப்படித்தான் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது: கொஞ்சம் கட்டையாக, ஓரங்கள் பிசிறி, ஆனால் எங்கும் நிற்காமல்.

முடிந்ததும் ஒருவர், "அண்ணாச்சி, இன்னொருக்கா போடுங்க" என்றார். "இரு, மொதல்ல எம் புள்ளைக்குப் பதில் சொல்லிக்கிடுதேன்" என்ற அத்தா, பெட்டிக்கு அருகில் வந்து சொன்னார்: "பேரச் சொல்லியே பாடும்மா. ஆனா காலேஜு பஸ்ஸ மட்டும் விட்றாத."

விடவில்லை. பட்டம் வாங்கினேன்; பாட்டையும் வைத்துக்கொண்டேன். தெருவுக்குத் தொலைபேசி வந்தது, பிறகு கைப்பேசி வந்தது. ஜைத்தூன் அக்கா இப்போது பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்தே பேசுகிறாள். அவளுக்குப் பதிலாக யாரும் பேச வேண்டியதில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆண்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு வந்த குரலை அறையே மூச்சடக்கிக் கேட்ட வழக்கம் போய்விட்டது; அவரவர் காதில் அவரவர் வீடு. அத்தாவும் இன்று இல்லை.

அந்தக் கேசட் எங்கே என்று கேட்பீர்கள். அதைக் கேட்டு முடித்த சற்று நேரத்திலேயே ஜைத்தூன் அக்கா குழந்தையோடு வந்து நின்றாள். அன்று பிற்பகல் ஒருவர் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய்ச் சவூதிக்கு விமானம் ஏறப் புறப்படுகிறார். குழந்தை முந்தின நாள்தான் நடக்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் வேறு நாடா இல்லை. வந்த கேசட்டின் மேலேயே பதில் பேசி அனுப்புவதுதான் எல்லோருக்கும் வழக்கம்.

"ஏட்டி, அதுல அத்தா கொரல் இருக்கு. அழிச்சிராத" என்றாள் அம்மா.

"பாடச் சொல்லித்தானம்மா அதுல சொல்லியிருக்காவ."

நாடாவைத் தொடக்கத்துக்கு ஓட்டினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தி, என் பெயரையும் அத்தாவின் பெயரையும் சொன்னேன். 'ஏலே, சத்தம் போடாதிங்க' என்று அவர் சொல்லியிருந்த இடத்தின் மேல்தான் அந்தப் பெயர்கள் விழுந்தன.