பாம்புக் கூடைக்குள் வெறுங்கை

நான் மூன்றாவது படிக்கும்போது என் நைனாவைப் பாம்பு கடித்தது. பிடுங்கிக் குவித்திருந்த வேர்க்கடலைச் செடியை வாரக் கையை விட்டார். உள்ளே படுத்திருந்தது கடித்துவிட்டது. புத்தூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து பிழைத்து வந்தார். அதன்பிறகு நிலத்தில் கால் வைக்கவில்லை. கேட்டால் முட்டி வலி என்பார். அந்த முட்டியோடுதான் தினமும் டீ குடிக்க அடுத்த ஊரான விஜயபுரம் வரை நடப்பார்.

எனக்கோ ஒரே ஒரு ஆசை. பாம்பு கடித்தால் எப்படி இருக்கும்? எரியுமா, குத்துமா, நம்மைப் பார்த்துக்கொண்டே கடிக்குமா? நைனாவைத் தவிர யாரைப் போய்க் கேட்பது? கேட்டால் எழுந்து போய்விடுவார். அம்மா தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

அடுத்த வருஷக் கடலையும் முற்றிவிட்டது. மழை வந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அம்மா ஒருத்தியாக எவ்வளவுதான் பிடுங்குவாள்? "திங்கக்கிழமை நெலத்துல எறங்கலன்னா, என் தம்பிகிட்ட வுட்டுடறேன். அவனே பயிர் வெச்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். மாமா நல்லவர்தான். அதற்காக எங்கள் நிலத்தில் அவர் நிற்பதா?

அந்த மாமா வீட்டில்தான் ஊரின் முதல் டிவி இருந்தது. காற்று மனசு வைத்தால் மெட்ராஸ் தெரியும். அந்த வாரம் முழுக்க அதில் ஒரே அறிவிப்பு. ஞாயிறு மாலை ஒரு வீரர், ஐந்து நாகப்பாம்புகள் இருக்கும் கூடைக்குள் வெறுங்கையை விடப்போகிறாராம்! இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாமாம்! மாமா தானே கையை விடப்போவதுபோலத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நைனாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, கண்டிப்பா வரணும். ஆம்பளன்னா இன்னான்னு டிவில காட்றாங்கோ."

மாமன் மச்சான் கேலிதான். ஆனாலும் நைனாவின் முகம் செத்துவிட்டது. நான்தான் விடவில்லை. ஒரு தைரியசாலியைப் பார்த்தால் நைனாவுக்கும் தைரியம் வந்துவிடும் என்பது என் கணக்கு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மாமா வீட்டுக் கூடம் நிறைய ஜனம். விளக்கு வைத்த நேரத்தில் எங்கள் பக்கம் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பூச்சி என்பார்கள். டிவியில் பேசிய அம்மாள் மூச்சுக்கு மூச்சு நாகப்பாம்பு என்றதும் மாமாவின் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் மேளம் அடித்தார்கள். பிறகு வெள்ளைக் கோட்டு டாக்டர் பேசினார். ஊசி மருந்தைக் காட்டினார்கள், ஆம்புலன்சைக் காட்டினார்கள், வீரரின் பெண்டாட்டி கண்ணை மூடிக் கும்பிடுவதைக் காட்டினார்கள். மறுபடி மேளம். கடைசியில் வீரர் வந்தார். முழங்கை வரைக்கும் தோல் உறை!

"வெறுங்கைன்னானுங்களே!" என்று யாரோ கத்தினார்கள்.

கூடையைத் திறந்ததும் ஒரு பாம்பு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று சுருண்டுகொண்டது. மற்ற நாலும் எழுந்திருக்கவே இல்லை. வீரர் உறையைக் கழற்றினார். கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. கையைக் கூடையின் விளிம்பு வரை கொண்டுபோனார், இழுத்துக்கொண்டார். மறுபடி கொண்டுபோனார், மறுபடி இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான், நேரம் முடிந்துவிட்டது. பாம்புகள் இன்று ஒத்துழைக்கவில்லை என்று டிவி அம்மாள் வருத்தம் தெரிவித்தாள். அடுத்தது யூரியா பற்றிய உரை.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாம்பு கடிக்கவும் இல்லை, தைரியம் வரவும் இல்லை, விடிந்தால் திங்கட்கிழமை.

நைனா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் தானாகவே கேட்டார். "அந்த ஆளு கைய பாத்தியா கண்ணு?"

"எங்க நைனா, அவன்தான் உள்ளவே வுடலியே!"

"அத்த சொல்லல. ஒதறிக்கினு இருந்துச்சே, பாத்தியா? டாக்டரு, மருந்து, வண்டி எல்லாம் கூடவே கீது. அப்பவும் ஒதறுது அவனுக்கு."

அந்த ஆளைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் நான் எழுந்தபோது நைனாவின் பாய் காலி. அம்மா ஒரு தூக்கில் கேழ்வரகுக் களியைப் போட்டு என்னை நிலத்துக்கு அனுப்பினாள். நைனா அங்கேதான் இருந்தார்! கடலைச் செடிகளைப் பிடுங்கிக் குவியல் குவியலாகப் போட்டிருந்தார். நான் போனபோது ஒரு குவியலை வாரக் குனிந்தார். கை வெடவெடவென்று நடுங்கியது. காலைக் குளிரிலும் முகமெல்லாம் வேர்வை.

"காய்ச்சலா நைனா?"

"இல்ல கண்ணு. களிய வெச்சிட்டு நீ போ."

நடுங்குகிற கையை அப்படியே குவியலுக்குள் விட்டு வாரினார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். "ம்மா, நைனாவுக்குக் குளிர்காய்ச்சல்! கை நிக்காம ஒதறுது, ஆனாலும் வாரிக்கினே கீறாரு. சீக்கிரம் கஷாயம் வெச்சிக் குடு!"

அம்மா அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்; அழுதுகொண்டே சிரித்தாள். கஷாயம் வைக்கவே இல்லை. புருஷன் காய்ச்சலில் நடுங்குகிறார், இவளுக்குச் சிரிப்பு ஒரு கேடா என்று அன்றைக்கு முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.