"பார்த்துட்டுச் சொல்றன்" என்று எழுதியவர்

ஜுனைதீன் காக்கா இறந்த செய்தி எனக்கும் நம் முகநூல் குழுவில்தான் வந்தது. நடக்க முடியாத தன் தாயை மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிவர வேண்டும் என்று கொழும்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். சின்ன வயதில் போனதுபோலப் பாதையில்தான் போவேன் என்று தாய் நிற்கிறாராம், சில்லுக் கதிரையை அதில் ஏற்றலாமா என்பது கேள்வி. ஜுனைதீன் காக்கா வழக்கம்போல, "பார்த்துட்டுச் சொல்றன்" என்று போட்டிருந்தார். அதன்கீழ் அவருடைய மகள் எழுதியிருந்தாள்: "வாப்பா இண்டைக்கு சுபஹு தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிட்டார். துஆ செய்யுங்க."

வாசித்துவிட்டு, இடித்துக்கொண்டிருந்த சம்பலை இடித்து முடித்தேன். பிள்ளைகளுக்குச் சோறு கட்டினேன். பின்னேரம் காத்தான்குடிக்குப் போனபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

உங்களில் பலர் அவரை நேரில் கண்டதில்லை. காத்தான்குடியில் புடவைக்கடைக்காரர்; அண்ணன் முறையில் நான் அவரைக் காக்கா என்பேன். எங்கே தங்கலாம், எந்த மாதம் மழை என்று விடுமுறைக்கு இந்தப் பக்கம் வருபவர்கள் கேட்டால் காசு வாங்காமல் சொல்வதற்காக நாங்கள் இருவரும் தொடங்கிய குழு இது. கேள்வி வந்த கையோடு நான் பதில் எழுதிவிடுவேன். அவரோ கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போய் இடத்தைப் பார்ப்பார், மறுநாள்தான் எழுதுவார். அதற்காக அவரை நான் சீண்டாத நாளில்லை.

ஒருமுறை, தேற்றாத்தீவில் தங்குமிடம் இருக்கிறது என்று இணையத்தில் கண்டதை அப்படியே ஒரு குடும்பத்துக்கு எழுதிவிட்டேன். அது மூடிக் கனநாள். கைக்குழந்தையோடு பூட்டிய கேற்றின் முன்னால் மழையில் நின்றார்கள். காக்காதான் போய்த் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து இரண்டு நாள் வைத்திருந்தார். என்னை ஏசவில்லை. "இன்டர்நெட்டப் பார்த்துச் சொல்ல நாம எதுக்கு, தங்கச்சி? அது அவங்கட கையிலயும்தானே இரிக்கி?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் இறந்த ஐந்தாம் நாள், அந்தக் கேள்விக்கு நானே பார்த்துச் சொல்ல, சில்லுக் கதிரை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு மண்டூருக்குப் பாதை புறப்படும் குருமண்வெளித் துறைக்குப் போனேன். கதிரையைக் கண்டதும் பாதைக்காரர் சிரித்தார்.

"இதென்ன பிள்ள, திரும்பவும் கதிரையோ? காக்கா போன கிழமையே வந்து பார்த்திட்டாரே! தானே ஏறி இருந்துகொண்டு என்னைத் தள்ளச் சொன்னார். அந்தக் கரையில இறக்கக்குள்ள முன்னுக்குச் சரிஞ்சு விழப் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கமா இறக்கினம். நாளைக்கு எழுதோணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். ஏன், எழுதல்லியா?"

அவர் இறந்துவிட்டார் என்று அப்போதுதான் முதல்முறையாக என் வாயால் சொன்னேன். பாதைக்காரர் கதிரையை என்னிடமிருந்து வாங்கி, காக்காவை இறக்கிய விதத்தைத் திருப்பிக் காட்டினார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் எழுதாமல் விட்ட அந்தப் பதில்தான். அன்றே அவருடைய வரியின்கீழ் எழுதினேன்: "அம்மாவைப் பாதையில் கூட்டிவாருங்கள். மண்டூர்க் கரையில் கதிரையைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள். காக்கா பார்த்துவிட்டார்."