வக்கீல்களுக்கு எதிராக ஒரு ஜெபம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாரத்துக்கான ஐந்து சட்டைகளையும் கிருபைராஜ்தான் தேய்ப்பார். மனைவி ஞானத்திடம் விடமாட்டார். அவளுக்குக் காலர் மடிப்பு வராது என்பார். உண்மைக் காரணம் இர்விங்கிலிருந்த நம்ம ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். டிவிக்கு எதிரே இஸ்திரிப் பலகையைப் போட்டு நின்றால் மூன்று மணி நேரம் அமெரிக்க ஃபுட்பால் பார்க்கலாம்; வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஐந்து சட்டைக்கு மூன்று மணி நேரம் எதற்கு என்று ஞானம் கேட்டதுமில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து எழுபத்து நாலில் குடும்பத்தோடு வந்து இறங்கியபோது அவருக்கு இந்த ஆட்டத்தின் தலையும் தெரியாது, காலும் தெரியாது. சொல்லிக்கொடுத்தது மகள் யூனிஸ்தான். பதின்மூன்று வயதுப் பெண் பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் நகர்த்தி நகர்த்தி, "இப்போ நாலு சான்ஸ் இருக்குப்பா, அதுக்குள்ள பத்து கஜம் போகணும்" என்று விளக்கினாள். அன்றிலிருந்து அவர் உள்ளூர் அணியான கவ்பாய்ஸ் பைத்தியம். கூரையின் நடுவில் பெரிய ஓட்டை விட்ட அந்த அணியின் ஸ்டேடியம் ஆபீசுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. எட்டு வருஷமாக வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, எண்பத்திரண்டில்தான் ஆபீஸ் நண்பர் ஒருவர் மூலம் அக்டோபர் மாத ஆட்டம் ஒன்றுக்கு இரண்டு டிக்கெட் கிடைத்தது. ஒன்று அவருக்கு, ஒன்று யூனிஸுக்கு. டிக்கெட்டுகளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

செப்டம்பரில் இரண்டு வாரம் ஆடினார்கள். பிறகு ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் என்று போய்விட்டார்கள். ஒரு ஞாயிறு டிவியைப் போட்டால் பந்தைக் காணோம். நீள மேஜை, தண்ணீர் ஜக், கோட்டு போட்ட நாலு பேர்.

"யாரு இவனுவ?" என்றார் கிருபைராஜ், கையில் இஸ்திரிப் பெட்டியோடு.

"லாயர்ஸ்ப்பா. இவர் ஓனர்ஸ் பக்கம். அந்த மீசைக்காரர் ப்ளேயர்ஸ் யூனியன் பக்கம்," என்றாள் யூனிஸ். காலேஜ் கடைசி வருஷம். ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"ரெண்டு பேரும் ஒரே தையக்காரன்ட்ட கோட்டு தச்சிருக்கானுவ."

முதல் வாரம் அது சிரிப்பாக இருந்தது. அக்டோபர் ஆட்டம் ரத்தானபோது சிரிப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு முதலாளிகள் மேல் அவருக்குக் கோபம் இல்லை, ஆட்டக்காரர்கள் மேலும் இல்லை. மொத்தமும் அந்தக் கோட்டுகள் மேல்தான்.

"ஆடுதவன் ஆடணும்னு நிக்கான். நடத்துதவன் நடத்தணும்னு நிக்கான். நடுவுல இவன் ஒரு கமாவை அங்க வச்சு, இங்க எடுத்து, இத்தன வாரத்த முழுங்கிட்டான். பொறந்ததுலருந்து பந்தைத் தொட்டிருப்பானா?"

"ஒரு ப்ளேயருக்கு முட்டி போச்சுன்னா அவனத் தூக்கி வெளிய போட்டுருவாங்க. அப்ப யாரு அவனுக்காகப் பேசுறது? நீங்களா?"

"பேசட்டும். ஆடிக்கிட்டே பேசட்டும்."

"அப்படிப் பேசினா யாருப்பா கேப்பாங்க?" என்றாள் யூனிஸ். அவர் ஒரே காலரை நாலாவது முறை தேய்த்தார்.

அவளுடைய பையில் லா ஸ்கூல் விண்ணப்பம் இருந்தது ஞானத்துக்கு மட்டும்தான் தெரியும். நுழைவுப் பரீட்சையும் எழுதியாகிவிட்டது. அப்பாவிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய்த்த நேரம் அந்த வருஷம்.

நவம்பர் முதல் சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் சாந்தகுமார் வீட்டில். பத்துப் பதினைந்து குடும்பங்கள்; யூனிஸும் ஒரு நாள் முன்னதாகவே வந்திருந்தாள். பாட்டு, வசனம், அப்புறம் இட்லி. முடிவு ஜெபத்தைக் கிருபைராஜிடம் கொடுத்தார்கள். நோயாளிகளுக்காக ஜெபித்தார், விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்காக ஜெபித்தார். பிறகு குரல் ஏறியது.

"ஆண்டவரே, இந்த தேசத்தின் வக்கீல்களை உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம். அவர்கள் நாவுகளைக் கட்டிப்போடும். அவர்கள் ஆலோசனையை அவமாக்கும். அவர்கள் காகிதங்களைக் காற்றில் பறக்கிற பதரைப்போல ஆக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே."

"ஆமென்" என்றது அறை முழுவதும், பழக்கத்தில்.

சாந்தகுமார் கண்ணைத் திறந்ததும், "அண்ணாச்சி, என் க்ரீன் கார்டு கேஸை எடுத்திருக்கிறவரை மட்டும் விட்டுடச் சொல்லியிருக்கலாம். நல்ல மனுசன்" என்றார். இட்லித் தட்டுகளோடு எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் பின் சீட்டிலிருந்து யூனிஸ் சொன்னாள்: "நானும் ஆமென் சொல்லிட்டேன்ப்பா. எனக்கு எதிரா நானே."

"என்னம்மா சொல்லுத?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கிருபைராஜ் ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஊர் வரை போனார். ஞானம், "ஏங்க, எக்ஸிட்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"தெரியும்."



அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விண்ணப்பமும் தபாலில் போவதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் வேதப்புத்தகத்தின் மேல் வைக்கப்படும். கிருபைராஜ் அதன்மேல் கை வைத்து ஜெபிப்பார், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள், பிறகுதான் தபால்தலை. க்ரீன் கார்டு அப்படித்தான் போனது, வீட்டுக் கடன் அப்படித்தான், யூனிஸின் காலேஜ் விண்ணப்பம் அப்படித்தான். வாஷிங் மெஷின் பழுதுக்குக் கம்பெனிக்கு எழுதிய கடிதம்கூட அப்படிப் போனதுதான். எதுவும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கை படாமல் இதை அனுப்ப யூனிஸுக்கு மனம் வரவில்லை. அதுதான் அவளுக்கே எரிச்சல்.

இரண்டு ஞாயிறு அந்த உறை வேதப்புத்தகத்தின் மேல் கிடந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

நவம்பர் மூன்றாம் வாரம் வேலைநிறுத்தம் முடிந்தது. ஞாயிறன்று டிவியில் பந்து பறந்தது. கிருபைராஜ் இரண்டாவது சட்டையில் இருந்தார். முகத்தில் பழைய சந்தோஷம் முழுதாக வரவில்லை. யாரோ எச்சில் படுத்திக் கொடுத்ததைச் சாப்பிடுகிற முகம்.

"நாளைக்குப் போஸ்ட் பண்ணியே ஆகணும்ப்பா," என்றாள் யூனிஸ்.

"ஆட்டம் முடியட்டும்."

"இப்போ ஜெபம் பண்ணுங்க. ப்ளீஸ்."

"ஏழு வாரம் ஒன் ஆட்கள் என்னைக் காக்க வச்சானுவ. நீ ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டியோ?"

"அவங்க என் ஆட்கள் இல்ல. நான் உங்க ஆள்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். டிவிச் சத்தத்தைக் குறைத்தார். மேஜைக்கு வந்து உறையின் மேல் கை வைத்தார். யூனிஸ் எதிரே நின்று கண்ணை மூடினாள். ஞானம் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே," என்று ஆரம்பித்தார். மகளின் சுகத்துக்காக, படிப்புக்காக, அவள் ஓட்டுகிற காருக்காக நன்றி சொன்னார். எட்டு வருஷம் இந்த தேசத்தில் காத்ததற்கு நன்றி சொன்னார்.  டிவியில் கூட்டம் மெல்ல இரைந்தது.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளை தட்டுகிற கதவை அடைத்துப்போடும். ஒருவனும் திறக்கக் கூடாதபடிக்கு அடைத்துப்போடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே."

யூனிஸ் பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டாள். அவர் மூடிய கண்ணோடு காத்திருந்தார். ஞானமும் ஆமென் சொல்லவில்லை.

"ஆமென் சொல்லும்மா," என்றார்.

அவள் அவருடைய கையை மெதுவாகத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டு, அடியிலிருந்த உறையை எடுத்துக்கொண்டாள். நாற்காலியிலிருந்த ஸ்வெட்டரையும் எடுத்தாள்.

"யூனிஸ். ஆமென் சொல்லு."

அவள் கார்ச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.