தீவின் இருட்டறை

லண்டன் கவுன்சில் ஒன்றில் முப்பது வருடம் விதிமுறைகளைக் கட்டிக் காத்தவன் நான். ஓய்வுபெற்றதும் மனைவியின் ஆசைக்காக, நவீன கலை பார்க்க ஜப்பானின் சிறு தீவொன்றுக்குப் போனோம். அங்கே எங்களை ஓர் இருட்டறையில் உட்கார வைத்தார்கள். ஐந்து நிமிடமாகியும் ஒன்றும் தெரியவில்லை.

“லைட் பழுது. முறைப்பாடு செய்யப்போறன், வாரும்.”

“சும்மா இருங்கோப்பா. கண் பழகட்டும்.”

நான் மட்டும் வெளியேறினேன். வாசலில் நின்ற பணிப்பெண் பணிவாகச் சிரித்தாள். மெல்லிய ஒளி உள்ளே முதலிலிருந்தே இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியப் பத்து நிமிடமாகுமாம். இடையில் எழுந்தவர் மீண்டும் நுழைய முடியாது. விதி என்றதும் தலையாட்டிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டேன்.

மனைவி கலங்கிய கண்களுடன் வந்தாள்.

“என்ன தெரிஞ்சது?”

“சொல்ல ஏலாதப்பா.”

லண்டன் திரும்பியபின், நோர்பரி வீட்டில் கோப்பை கழுவும்போது சிலவேளை அவள் கை அப்படியே நின்றுவிடும். எங்கே போயிருக்கிறாள் என்று தெரியும். கூடப் போகத்தான் எனக்கு வழி தெரியவில்லை.