இடது கையால் எழுதிய அட்டை

அந்த அட்டை, புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைப்பெட்டியிலிருந்து வெட்டியது. ‘எங்கள் சோறு புளித்துவிட்டது’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மன்னாரில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதித் திரிந்த எனக்கு உருப்படியாக வந்தது எழுத்து ஒன்றுதான்.

சிங்கப்பூரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிற வேலை. பக்கத்துக் கட்டில்காரரை அண்ணை என்றே கூப்பிட்டேன். எங்கள் மத்தியானச் சாப்பாட்டுப் பொதி விடியமுன்பே வந்து இறங்கும். வெயிலில் கிடந்து பன்னிரண்டு மணிக்கு நாறும். மற்றபடி ரோட்டில் குப்பை இல்லை, களவு இல்லை, சம்பளம் சொன்ன நாளில் வரும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எதற்கும் பயப்படுகிற எனக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. அண்ணைக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வாசலில், நான் எழுதிக்கொடுத்த அட்டையோடு தனியே நின்றார். அங்கே ஒருவர் அட்டை பிடித்துத் தனியே நிற்பதற்கும் அனுமதி வேண்டும். கால்மணி நேரத்தில் போலீஸ்காரர் வந்து கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் மானேஜர் என்னைக் கூப்பிட்டு, அட்டையைக் காட்டி, யார் எழுதியது என்றார். என் பெயரை நானே எழுதிய தலைக்கவசம் மடியில் இருந்தது. அதைக் கையால் மறைத்தபடி, அண்ணைதான் எழுதினார் என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். எங்களையும் வரச்சொல்லிக் கரைச்சல் தந்தவர் என்று, மானேஜர் கேளாததையும் சொன்னேன்.

ஊருக்கு அனுப்பமுன், பெட்டி கட்ட அண்ணையை அறைக்குக் கூட்டிவந்தார்கள். ஊரில் அவர் வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

“உன்ர பேரை நான் சொல்லேல்லை. நீ பயப்பிடாமச் சாப்பிடு தம்பி,” என்றார்.

அடுத்த கிழமையிலிருந்து சோறு பதினொரு மணிக்குச் சுடச்சுட வந்தது. சாப்பாட்டுப் பட்டியலில் அண்ணையின் பெயரை வெட்ட மறந்துவிட்டார்கள். பத்து நாள் அவர் பொதியையும் நானே தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

அந்தச் சம்பளத்தில்தான் என் வீடு எழும்பியது, தங்கச்சியின் கலியாணம் நடந்தது, நானும் கனடா வந்தேன். ஸ்காபரோக் கோப்பிக் கடையில் இருந்துகொண்டு, சிங்கப்பூரின் ஒழுங்கு இங்கே வருமா என்று மற்றவர்களுக்குச் சொல்லித் திரிகிறேன். போன கிழமை, வோபர்னில் நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடாததற்காக வாசலில் நிற்கப்போவதாக மகள் ஒரு மட்டையும் மார்க்கரும் கொண்டுவந்தாள்.

“நீங்கள் எழுதுங்கோ அப்பா. உங்கட ரைட்டிங்தானே வடிவு.”

மார்க்கரை இடது கைக்கு மாற்றி எழுதினேன்.

“என்னப்பா, கோழி கிண்டினமாதிரி இருக்கு,” என்று சிரித்தாள்.

அவள் போகமுன் அட்டையை வாங்கி இன்னொருமுறை பார்த்தேன். அது என் எழுத்தென்று ஒருவராலும் சொல்ல முடியாது.